எண்ணோ எழுத்தோ: பைத்தன் மொழியில் வகையும் பல்லுருவும்

பழைய மாணவர் பெயர்ப்பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பணி இம்மலர் வெளியீட்டுக்கு முன்னோடியாக எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கைப்பிரதிகள், பழைய தட்டெழுத்துப் பட்டியல்கள், கடல்கடந்து வாழும் அன்பர்கள் மின்னஞ்சல்வழி விடுத்த படிவங்கள் எனப் பல மூலங்களிலிருந்து பெயர்களைத் திரட்டினோம். பைத்தன் மொழியில் நாம் எழுதிய சிறு செய்நிரலொன்று, அவரவர் கல்லூரியை விட்டு நீங்கிய ஆண்டின்படி அப்பெயர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத் தந்தது. அழைப்பிதழ்களும் சென்றன. சின்னாட் கழித்து, 1974ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த அன்பரொருவர் எம்மைத் தேடி வந்து, தம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்க்கு அழைப்புச் சென்றிருக்கத் தமக்கும் வேறு சிலர்க்கும் வாராமைக்குக் காரணம் யாது என வினவினார். அவர் குரலிற் சினம் இல்லை, மனத்தாங்கல் இருந்தது.

பதிவேட்டை ஆராய்ந்தவிடத்து, 1974 என்னும் தொகுதி ஒன்றன்று, இரண்டு இருக்கக் கண்டோம். ஒன்றில் ஆண்டு எண்ணாக நின்றது. மற்றையதில் நான்கு எழுத்துக்களாலாய சரமாக நின்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை ஒன்றற்கொன்று உறவில்லாத இரு பொருள்கள். அழைப்பிதழ் எழுதிய பகுதி எண்ணாக நின்ற ஆண்டுகளை மட்டுமே நோக்கியது. சரமாக நின்ற ஆண்டினர் அனைவரும் விடுபட்டனர். செய்நிரல் யாதொரு பிழையும் கூறாது ஓடி முடிந்தமையால் நாமும் ஐயுறவில்லை. தவறு முழுவதும் எம்முடையதே.

இதனை முதற்கண் கூறியதற்குக் காரணம் உண்டு. எம் மாணாக்கருள் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர் பைத்தன் மொழியையே கற்கின்றனர். 'தரவு வகை' என்பது அவர்களுடைய முதற்பாடங்களுள் ஒன்று. ஆயினும் அது பரீட்சைக்காக மனனஞ் செய்யும் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. ஒருவருடைய பெயர் விடுபட்டுப் போவதற்கு அது காரணமாதல் கூடும் என்பது வகுப்பறையில் உணரப்படுவதில்லை.

வகை என்பது யாது? ஒரு தரவின்மேல் எச்செயல்கள் பொருந்தும், எவை பொருந்தா என வரையறுப்பது வகை. 5 என்னும் எண்ணோடு 5 என்னும் எண்ணைக் கூட்டினால் 10 ஆகும். '5' என்னும் சரத்தோடு '5' என்னும் சரத்தைச் சேர்த்தாலோ 55 ஆகும். இரண்டிற்கும் இடும் குறி ஒன்றே. தொலைபேசி இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். எமது மாவட்டத்துக்குரிய குறியீடு 026. இதனை எண்ணெனக் கொண்ட மாத்திரத்தே முன்னிற்கும் சுழியம் கழிந்து 26 ஆகிவிடும். தொலைபேசி இலக்கம் இலக்கங்களால் ஆயதேனும் எண்ணன்று. அதனை ஒருவரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை.

ஜாவா, சி முதலிய மொழிகளில் மாறி ஒவ்வொன்றும் இன்ன வகையைத் தாங்குவது எனச் செய்நிரல் ஓடுமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடும். பைத்தன், பிஎச்பி, ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் என்பவை அவ்வாறு வற்புறுத்துவதில்லை. இவற்றை இயங்குவகை மொழிகள் என்பர். இவற்றிலும் வகை இல்லாமலில்லை. ஆனால் வகை மாறிக்கு உரியதன்று, அதனுள் இருக்கும் மதிப்புக்கே உரியது. பெட்டியின் புறத்தே சீட்டு ஒட்டப்படவில்லை. திறந்து பார்த்தாலன்றி உள்ளிருப்பது அரிசியோ சீமெந்தோ என அறிதல் இயலாது. திறப்பதோ செய்நிரல் ஓடும்போது. முன்னைய பைத்தன் 2 இன்னும் ஒருபடி தாராளமானது: எண்ணும் சரமும் கலந்த பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால், எண்களை முன்னும் சரங்களைப் பின்னுமாக நிறுத்தி வாளா இருந்துவிடும். 2008இல் வெளிவந்த பைத்தன் 3 அக்கலவையை ஒப்பிட மறுத்துப் பிழை கூறும். ஆயின் எம்மைப்போல் வரிசைப்படுத்தாது தொகுதியாகப் பிரிப்போர்க்கு அந்த எச்சரிக்கையும் கிட்டாது.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு வகை என்னும் கருத்துப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம், பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தலையே தொடக்கமாகக் கொள்கிறது. 'அவன் வந்தது' எனின் வழு. வந்தவன் யாவன், எங்கிருந்து வந்தான் என ஒன்றும் அறியாமலே, எழுவாயையும் பயனிலை விகுதியையும் ஒப்புநோக்கிய அளவில் அது வழுவென்று கூறிவிடலாம். வகைச் சரிபார்ப்பி எனப்படும் கருவி செய்வதும் இதுவே: செய்நிரலை ஓட்டாது, வாக்கியங்களின் இயைபை மட்டும் நோக்கி, இங்கே வழு உளது என்று காட்டும்.

இவ்விலக்கணத்தில் எம்மை மிகவும் வியப்பிக்கும் பகுதி ஐயம் பற்றியது. மாலையொளியில் தொலைவில் நிற்பது மனிதனோ மரக்குற்றியோ என்று துணிய இயலாதபோது என்ன சொல்லால் சுட்டுவது? உருவு என்னும் பொதுச்சொல்லால் சுட்டலாம் என நூல் விதிக்கிறது. மனிதர் என்பது துணிபு, ஆணோ பெண்ணோ என்பதே ஐயம் எனின், பன்மையாற் கூறுக என்கிறது. ஐயத்தை மறைக்காமலும், அறியாததை அறிந்ததாகப் பொய்யுரைக்காமலும் பேசுதற்கு வழிவகுத்திருக்கின்றனர். 2021இல் வந்த பைத்தன் 3.10 முதலாக, ஒரு மாறி முழுவெண் அல்லது சரம் என்பதை இரண்டுக்குமிடையே ஒரு கோடிட்டு எழுதலாம். ஆண்டு அல்லது ஒன்றுமில்லை என்பதையும் அவ்வாறே எழுதலாம். எமது கைப்பிரதிகளில் சில ஆண்டுகளின் அருகே யாரோ வினாக்குறி இட்டிருந்தனர். அவ்வினாக்குறியை எடுத்தெறிந்துவிட்டு எண்ணை மட்டும் ஏற்றியது நாம் செய்த இரண்டாவது தவறு. ஐயமும் பதிவு செய்தற்குரியதே.

நிற்க. இயங்குவகை மொழிகளைக் குறைத்து மதித்தல் எம் கருத்தன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருக்கோணமலை, கிண்ணியா, மூதூர்க் கரைகளில் ஏறியதை இங்குள்ளோர் எவரும் மறவார். அதனையடுத்த சில வாரங்களுள், லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சார்ந்தோரும் தொண்டர் பலரும் கூடிச் 'சகானா' என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து ஒன்றோடொன்று பொருத்துவது அதன் பணி. சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். அது பிஎச்பி என்னும் இயங்குவகை மொழியில் எழுதப்பட்டது. வகைகள் அனைத்தையும் வரையறுத்த பின்னரே தொடங்குவோம் என்று அன்று எவரேனும் காத்திருந்தால் முகாம்களில் இருந்தோர்க்கு அதனாற் பயன் விளைந்திராது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலத் திட்ட விருதை இதற்கு வழங்கியது. பின்னாளில் 'சகானா ஈடன்' என்னும் பெயரில் இது பைத்தன் மொழியிற் புதிதாக எழுதப்பட்டது. இலங்கையில் இவ்வாறு தொடங்கிய பணி பிற நாடுகளின் பேரிடர்களிலும் உதவியது எமக்குப் பெருமைதருவது.

விரைவுக்கு இயங்குவகை உதவும். ஆனால் செய்நிரல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, எழுதியவர் நீங்கிப் புதியவர் கைக்கு மாறும்போது, இம்மாறியில் என்ன இருக்கிறது என்னும் வினாவுக்கு விடையிறுப்பார் இலர். இதற்குத் தீர்வாகப் படிமுறை வகையிடல் என்னும் கருத்தை 2006இல் ஜெரமி சீக், வலீட் தாஹா என்னும் இருவர் ஓர் ஆய்வுரையில் வரையறுத்தனர். விரும்பிய இடத்தில் வகை எழுதுக. எழுதாத இடம் பழையபடியே இயங்குக என்பது அதன் சாரம். பின்லாந்து நாட்டவராகிய யூக்கா லெஹ்தொசாலோ கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராயிருந்தபோது தொடங்கிய 'மைபை' என்னும் திறந்த மூலச் சரிபார்ப்பி, இக்கருத்தைப் பைத்தனுக்குக் கொணர்ந்தது. மொழியின் ஆசிரியர் கிவிடோ வான் ரோசமும் இதனை ஆதரித்து இணைந்தமையால், 2015 செப்தெம்பரில் வெளிவந்த பைத்தன் 3.5இல் வகைக்குறிப்புக்கென 'டைப்பிங்' என்னும் நூலகம் இடம்பெற்றது. டிரொப்பொக்ஸ் நிறுவனம் தன் பைத்தன் செய்நிரல்களில் 40 இலட்சம் வரிகளை இம்முறையாற் சரிபார்ப்பதாக 2019இல் அறிவித்தது. ஒருநாளில் நடந்ததன்று அது. கோப்புக் கோப்பாகப் பல ஆண்டுகள் நடந்தது.

இங்கே மாணாக்கர் பெரிதும் மயங்கும் இடமொன்றுண்டு; நாமும் மயங்கினோம். ஆண்டு என்னும் மாறியை முழுவெண் எனக் குறித்துவிட்டால் அதனுட் சரம் நுழையாது என எண்ணுவர். நுழையும். பைத்தன் தானாக அக்குறிப்பைக் காவல்செய்வதில்லை. படித்துவிட்டுப் பேசாது செல்லும். மைபை நாம் எழுதிய வாக்கியங்களையே சோதிக்குமன்றி, நாளை மறுநாள் படிவமொன்றில் யாரோ தட்டப்போவதை அஃது எங்ஙனம் அறியும்? வாயிலிற் காவல் வேண்டுமாயின் வேறு நூலகம் வேண்டும். 'பைடான்டிக்' என்பது அவற்றுள் ஒன்று. 2017 முதல் வெளிவருவது. புறத்தேயிருந்து வரும் தரவை, நாம் எழுதிய வகைக்குறிப்போடு ஒப்பிட்டு ஓடும்போதே சோதிக்கும். இயல்பான முறையில், '1974' என்னும் சரம் வந்தால் அதனை எண்ணாக மாற்றி ஏற்கும். கண்டிப்பு முறையை வேண்டினால் மாற்றாது மறுக்கும். '1974/75' என வந்தால் எம்முறையிலும் ஏலாது, இன்ன இடத்தில் இன்ன பிழை எனக் கூறும். தொலைபேசி இலக்கத்தைச் சரமென்று குறித்துவிட்டால், சுழியம் இழந்து எண்ணாக வருவதனை அதன் இரண்டாம் பதிப்பு இயல்பாகவே தடுத்துவிடும். எமது பதிவேட்டை இவ்வாயில் வழியாக மீண்டும் ஏற்றியபோது தடைப்பட்டு நின்ற பதிவுகளைக் காணக் காண எமக்கு நாணமே மேலிட்டது.

வகைக்குறிப்பில் சில இடங்களில் 'எதுவுமாகலாம்' என்றெழுதிச் சரிபார்ப்பியின் வாயை அடைத்துவிடலும் இயலும். இது வழுவமைதி போன்றது. அன்பு மிகுதியாற் பசுவை அம்மை என்றழைத்து உயர்திணை முடிபு கொடுப்பதை இலக்கணம் அமைத்துக்கொண்டது, காரணம் இருந்தது. காரணமின்றிச் சோம்பலால் அமைத்துக்கொள்வோர் வழுவையே எழுதுகின்றனர்.

எண் என்று மட்டும் அறிதலும் எக்காலத்தும் போதாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் எமக்கு இது எளிதில் விளங்கும். எம்மூர் மீனவர் ஆழத்தைப் பாகத்தால் அளந்து கூறுவர். பழைய ஆங்கிலக் கடற்படை வரைபடங்களிலும் ஆழம் பாகமாகவும் அடியாகவும் குறிக்கப்பட்டது, புதியவற்றில் மீட்டர். வரைபடத்தில் 5 என்று கண்டால் அது ஐந்து மீட்டரா, ஐந்து பாகமா? ஒரு பாகம் ஆறடி. ஆகவே ஐந்து பாகம் ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல். ஏழு மீட்டர் நீரில் அமிழும் கப்பல் ஒன்றுக்கு இவ்வேறுபாடு மிதப்பதற்கும் தரைதட்டுவதற்கும் உள்ள வேறுபாடாகும். 1999 செப்தெம்பரில் அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்ததும் இத்தகைய பிழையாலேயே: ஒரு சாரார் செய்நிரல் இறாத்தல் விசை அலகிற் கொடுத்ததை மற்றைச் சாரார் நியூட்டன் அலகெனக் கொண்டனர். இரண்டும் எண்ணே, ஆதலின் எந்த மொழியும் தடுக்கவில்லை. டைப்பிங் நூலகத்தில், பாகம், மீட்டர் என எண்ணுக்கே இரு புதுப் பெயர்வகைகளை வகுத்துக்கொண்டால், ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுப்பதை மைபை தடுக்கும். 'பின்ட்' என்னும் திறந்த மூல நூலகம் அலகையும் எண்ணோடு பிணைத்தே வைத்திருக்கும். மீட்டரோடு அடியைக் கூட்டினால் தானே மாற்றிக் கூட்டும், மீட்டரோடு செக்கனைக் கூட்டச் சொன்னால் இயலாதென்று மறுக்கும்.

இனிப் பல்லுரு. ஒரே பெயருடைய செயல் வெவ்வேறு வகைகள்மேல் வெவ்வேறாக நிகழ்தலைப் பல்லுரு என்கிறோம். கிறிஸ்தோபர் ஸ்திராச்சி என்னும் ஆங்கிலேயப் பேரறிஞர் 1967இல் கொப்பன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில் இதனை இரண்டாகப் பகுத்தார். வகைக்கு வகை செய்முறை மாறுவது ஒன்று. வகை யாதாயினும் செய்முறை மாறாதிருப்பது மற்றொன்று. பின்னதற்குத் துறைமுகப் பாரந்தூக்கியை உவமையாகக் கொள்ளலாம். கொள்கலத்துள் இருப்பது துணியோ இயந்திரமோ அதற்குக் கவலையில்லை. ஆயினும் துணி ஏற்றிய கொள்கலம் இறங்குமிடத்திலும் துணியையே தருதல் வேண்டும். அந்த உறுதியைச் சரிபார்ப்பிக்கு உணர்த்த டைப்பிங் நூலகத்தில் வகைமாறிகள் உள்ளன. 2023இல் வந்த பைத்தன் 3.12 அவற்றை எழுதும் முறையை மிக எளிதாக்கியது.

முன்னதற்கு வருவோம். 'கட்டுக' என்று ஒரு கட்டளை. கப்பலாயின் இறங்குதுறையில் வடமிட்டோ குடாவில் நங்கூரமிட்டோ நிற்கும். வள்ளம் முளையிற் கட்டப்படும். கட்டுமரம் மணலில் இழுத்து வைக்கப்படும். இதனைத் தொடக்க மாணாக்கர், கப்பலாயின் இவ்வாறு, வள்ளமாயின் அவ்வாறு என ஒரே இடத்தில் நீண்ட நிபந்தனைத் தொடராக எழுதுவர். புதிதாக ஒரு கலம் வந்தால் அத்தொடரைத் தேடித் திருத்தவேண்டும். திருத்துபவர் ஒன்றைக் கெடுப்பதும் உண்டு. 2014இல் வந்த பைத்தன் 3.4இல், 'ஃபங்டூல்ஸ்' நூலகத்தின் 'சிங்கிள்டிஸ்பாட்ச்' என்னும் கருவி இதற்கு நல்ல வழி தந்தது. கட்டுக என்னும் பொதுச்சார்பை ஒருமுறை எழுதி, ஒவ்வொரு கலத்துக்கும் உரிய முறையைத் தனித்தனியே பதிந்துவிடலாம். புதிய கலத்தைக் கொணர்பவரே அதன் முறையையும் பதிவார், பழையதைத் தொடவேண்டுவதில்லை. இக்கருவி முதல் உள்ளீட்டின் வகையை மட்டுமே நோக்கும். கட்டும் முறை கலத்தை மட்டுமன்றி இடத்தையும் பொறுத்ததாயின், 'மல்டிபிள்டிஸ்பாட்ச்', 'பிளம்' ஆகிய வெளி நூலகங்கள் எல்லா உள்ளீடுகளின் வகையையும் நோக்கித் தெரிவுசெய்யும்.

துறைமுக அதிபர் உண்மையில் வேண்டுவது யாது? வருவது எக்குலத்துக் கலம் என்பதன்று; கட்டப்படக்கூடியதா என்பதே. அத்தகைமை உளதாயின் ஏற்றுக்கொள்வார். ஆங்கிலத்தில் இதற்கு வாத்தை உவமை காட்டுவர்: வாத்துப்போல் நடந்து வாத்துப்போற் கத்துவதை வாத்தென்றே கொள்க என்பர். எமக்கு வாத்து வேண்டா, துறைமுகம் இருக்கிறது. பைத்தன் தொடக்கமுதல் இவ்வியல்பினதே. ஆனால் கட்டப்படும் தகைமை இல்லாத ஒன்று வந்துவிட்டதென்பது அதனைக் கட்டப்போகும் கணத்திற்றான் தெரியவரும். 2019இல் வந்த பைத்தன் 3.8இல் 'புரோட்டோகால்' என்னும் வகை சேர்ந்தது. இன்ன செயல்களை உடையது எதுவோ அதுவே இவ்வகை என எழுதிவிடலாம், மரபுவழி கூறவேண்டுவதில்லை. மைபை அதனை முன்கூட்டியே சோதிக்கும். குலத்தை வினவாது தகைமையை மட்டும் வினவும் இம்முறையே சிறு செய்நிரல்களுக்கு மிகப் பொருந்துவது என்பது எம் துணிபு. இலங்கையிற் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கி 2019இல் முதற்பதிப்பை வெளியிட்ட 'பலரினா' என்னும் திறந்த மூல மொழி, நிலைவகை மொழியாயினும், வகைகளைப் பெயரால் அன்றி அமைப்பினாலேயே ஒப்பிடுவது இங்குக் குறிப்பிடத்தக்கது.

தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தனிடம் வினவினால் 5 என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அது எண்ணுகிறது. எம் கணக்கில் எழுத்து மூன்றே. பைத்தனின் சரம் ஒருங்குறிக் குறிகளின் தொடரேயன்றி எழுத்துக்களின் தொடரன்று. மீண்டும் வகை மயக்கமே. பெயரின் முதலெழுத்தை வெட்டியெடுக்கச் சொன்னால் 'கோ' என்பது வெறுங் 'க' ஆகிவிடும். எழில் என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியின் ஆசிரியர் முத்தையா அண்ணாமலையும் பிறரும் வளர்த்த 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தன் நூலகம், சரத்தைத் தமிழெழுத்துக்களாகப் பிரித்துத் தருகிறது. பதிவேட்டின் தலைப்பெழுத்துக்களை இதன் துணைகொண்டே செப்பஞ் செய்தோம். முன்னைய அச்சுப்படியில் கோபாலர் கபாலராகவும் மீனாட்சிசுந்தரர் மகர வரிசையில் இடம் மாறியும் நின்றமைக்கு இப்போது காரணம் விளங்கியிருக்கும்.

1974ஆம் ஆண்டுத் தொகுதி இப்பொழுது ஒன்றாயிற்று. விடுபட்டோர் அனைவர்க்கும் அழைப்பு மீண்டும் சென்றது. முதலில் வினவ வந்த அன்பர்க்கு நாமே நேரிற் சென்று கொடுத்தோம். ஆண்டு துணியப்படாது வினாக்குறியோடு நிற்கும் பெயர்கள் இன்னும் சில உள. அவற்றை ஊகத்தால் நிரப்பாது, ஆண்டு அறியப்படாதோர் எனத் தனிப் பட்டியலாக மலரின் இறுதியிற் சேர்த்துள்ளோம். உடன் பயின்றோர் எவரேனும் அறிந்தாற் சங்கத்துக்கு எழுதித் தெரிவிப்பார்களாக. எண்ணாக எழுதினும் எழுத்தாக எழுதினும் ஏற்றுக்கொள்வோம்.